மேல்மாடிக் கேம் சென்ரரும் அலாம் மணிக்கூடும்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஸ்காபரோவிலிருந்து வந்திருந்த அண்ணா, பெரியம்மாவின் மூத்த மகன், ஒரு பின்னேரம் என்னோடும் தங்கச்சியின் மகளோடும் யாழ்ப்பாண நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் இருக்கிற கேம் சென்ரருக்கு வந்தார். கால் மணித்தியாலம்கூட உள்ளே நிற்கவில்லை. வெளியே வந்ததும் "இதையெல்லாம் ஆர்கேட் என்று சொல்லாதையடா, இது லொத்தர்" என்றார். ஆர்கேட் என்றால் காசுக் குத்தி போட்டு வீடியோ கேம் விளையாடுகிற இடம். அவர் எண்பத்து மூன்றுக்குப் பிறகு சின்னப் பொடியனாகக் கனடா போனவர். அங்கே ஒரு இருபத்தைந்து சதக் குத்தியைப் போட்டால் பின்னேரம் முழுக்க ஒரே மெசினில் நிற்பாராம், பின்னால் ஒரு கூட்டம் நின்று பார்க்குமாம். இங்கே என்னடாவென்றால் கார்ட்டைத் தேய்க்கிறாய், ஒன்றரை நிமிசம் வெளிச்சம் போடுது, ரிக்கெற் துப்புது, முடிஞ்சுது என்று கையை விரித்தார். திருவிழா முடிந்தது, அவரும் திரும்பிப் போய்விட்டார், ஆனால் அந்த லொத்தர் என்ற சொல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. மிச்சப் பாதி எனக்குக் கோபத்தைத் தந்தது. ஏன் கோபம் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில்தான் இந்தப் பதிவு வந்தது.

கோபத்துக்கு ஒரு காரணம் எனக்கு உடனேயே தெரிந்தது. "உங்களுக்கு இப்பத்தானே இதெல்லாம் வருது" என்று போகிறபோக்கில் ஒரு வசனத்தையும் சேர்த்துவிட்டிருந்தார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்று சொல்லமாட்டேன். 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் ஸ்குவயர் திறந்தபோது சாமான் வாங்கப் போனவர்களைவிட சும்மா சுற்றிப் பார்க்கப் போனவர்கள்தான் அதிகம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். அதற்குப் பிறகுதான் குளிரூட்டின கட்டடத்துக்குள் குடும்பத்தோடு போய் ஒரு பின்னேரத்தைக் கழிக்கிற பழக்கமே இங்கே வந்தது. ஆனால் கடைத்தொகுதி இல்லாத ஊரில் காசு கொடுத்து வீடியோ கேம் விளையாடவில்லை என்று யார் சொன்னது?

கறண்ட் இல்லாத வருடங்கள்

ஆர்கேட்டுக்கு இரண்டு பொற்காலம் என்று சொல்வார்கள். முதலாவது 1978இல் ஜப்பானில் ரைற்றோ கொம்பனியின் ஸ்பேஸ் இன்வேடர்ஸோடு தொடங்கி, 1980இல் பக்மானோடு உச்சிக்குப் போய், எண்பதுகளின் நடுவில் அடங்கினது. அண்ணா பார்த்தது அதன் வால்பகுதியைத்தான். இரண்டாவது 1991இல் கப்கொம் வெளியிட்ட ஸ்ரீட் ஃபைற்றர் 2 கொண்டுவந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடிபடுவது, தோற்றவன் விலக அடுத்தவன் குத்தியைப் போடுவது, வென்றவன் அதே காசில் தொடர்ந்து நிற்பது என்று உலகத்து நகரங்களில் பெடியங்கள் பைத்தியமாய் அலைந்த வருடங்கள் அவை. எங்களுக்கோ அதே வருடங்கள்தான் கறண்டே இல்லாத வருடங்கள். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினதோடு போன கறண்ட் அது. அது இல்லாவிட்டால் பற்றரியில் ஓடுகிற கையடக்கக் கேமாவது விளையாடலாம் என்று நினைப்பீர்கள், பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். வெளிநாட்டிலிருந்து முன்னர் யாரோ அனுப்பின கேம் ஒன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இருந்தது. திரை செத்துப்போன அந்தச் சாமானை வைத்துக்கொண்டு பட்டன்களை மட்டும் அமத்தி அமத்தி விளையாடுகிற ஒரு பொடியனை எனக்குத் தெரியும். மற்றப்படி போளை, கிட்டிப்புள்ளு, கிளித்தட்டு. அதில் ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் வேறொன்று இருப்பதே தெரியாது.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் கறண்டை வெட்டினபோது கொழும்பு நண்பர்கள் உலகம் முடிந்ததுபோலப் பதிவு போட்டார்கள். என் அம்மா அலுமாரிக்கு மேலே இருந்து சிம்னி விளக்கை எடுத்துத் துடைத்தா, அவ்வளவுதான். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

95 ஒக்ரோபர் கடைசியில் இடம்பெயர்ந்து, 96இல் திரும்பி வந்து, மெல்ல மெல்லக் கடைகள் திறந்து, மின்பிறப்பாக்கிகளின் தயவில் அங்கங்கே கறண்டும் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் ரீவி கேம் கடை வந்தது. கடை என்றால் ஒரு வீட்டின் முன்விறாந்தை. தகரத்தால் அடைத்து, இரண்டு ரீவி, நிண்டென்டோவின் ஃபமிகொம் என்ற ரீவி கேம் பெட்டியைப் பார்த்து யாரோ செய்த மலிவுப் பெட்டிகள் இரண்டு, ஒரு வாங்கு, ஒரு மேசை. மேசையில் ஒரு அலாம் மணிக்கூடு. காசு அரை மணித்தியாலத்துக்கு. நீங்கள் கொன்ட்ரா கேமில் கடைசிக் கட்டம் வரைக்கும் போகிற சூரன் என்றாலும் சரி, முதல் பள்ளத்திலேயே விழுந்து சாகிற மாரியோக்காரன் என்றாலும் சரி, மணி அடித்தால் எழும்பவேண்டும். கடைக்கார அண்ணை யாருடைய விளையாட்டையும் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அவருக்குக் கணக்கு வேறு. கறண்ட் நின்றால் பின்வளவில் இருந்த ஜெனரேற்றரை இழுத்து ஓடவிடுவார், அப்போது விலை கொஞ்சம் ஏறும். நாங்கள் விளையாட்டுக்குக் காசு கொடுத்ததைவிட மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுத்தோம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கறண்ட் பாதியில் போனால் மீதி நேரத்தைக் கொப்பியில் எழுதி வைத்து அடுத்த நாள் தருவார், அதில் ஒரு சதமும் பிழைக்கவிடமாட்டார். ஊரடங்குக்கு முன்னர் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதால் கடைசி அரை மணித்தியாலத்தை எப்போதும் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த நேரத்தை மட்டும் அரை விலைக்குத் தருவார். நான் அதிகம் விளையாடினது அந்த நேரத்தில்தான்.

வாங்கில் இருந்து பார்ப்பவர்களுக்குக் காசு இல்லை. அது முக்கியம். ஆறேழு பேர் நெருக்கிக்கொண்டு இருந்து "குனி, குனி", "இப்ப பாய்", "உவனுக்கு விளையாடத் தெரியாது" என்று உயிரை வாங்குவார்கள். அண்ணா சொன்ன அந்தப் பின்னால் நிற்கிற கூட்டம் எங்களிடமும் இருந்தது. மெசின்தான் இல்லை.

முதலாளியும் கெட்டிக்காரனும்

மணிக்கூட்டுக்குக் காசு என்பதை அந்த வயதில் இயற்கை விதிபோலவே எடுத்துக்கொண்டேன். பிறகு ஆர்கேட்டின் கதையை அங்கங்கே வாசித்தபோதுதான் எங்கள் கடைக்கார அண்ணை ஒரு பெரிய பிரச்சினையை, அது என்னவென்று தெரியாமலே, முதல் நாளிலேயே தீர்த்து வைத்திருந்தார் என்று விளங்கினது. குத்தி போட்டு ஓடுகிற மெசினில் வாங்குவது நேரம் இல்லை, சாவு. மூன்று உயிர் தருவான், அது முடியும்வரைக்கும் மெசின் உங்களுடையது. புதிதாக வருகிறவன் இரண்டு நிமிசத்தில் செத்துப்போனால் முதலாளிக்கு லாபம். கெட்டிக்காரன் வந்து ஒரு மணித்தியாலம் நின்றால் நட்டம். ஆகவே ஆர்கேட் என்பதே முதலாளிக்கும் கெட்டிக்காரனுக்கும் நடந்த ஒரு நீளமான இழுபறி.

கெட்டிக்காரன் எப்படியெல்லாம் தப்பினான் என்று பார்த்தால் சிரிப்பாக இருக்கும். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மேலே ஒரு பறக்கும் தட்டு போகும், அதைச் சுட்டால் கிடைக்கிற புள்ளி எழுந்தமானமாக வருகிறதுபோலத் தெரியும். அப்படி இல்லை. நீங்கள் சுட்ட வெடிகளை மெசின் எண்ணிக்கொண்டே இருக்கும். 23ஆவது வெடியிலும், பிறகு ஒவ்வொரு 15ஆவது வெடியிலும் அடித்தால் முழு 300 புள்ளி. யாரோ ஒரு பொடியன் இதைக் கண்டுபிடித்து, வாய்க்குள் எண்ணி எண்ணிச் சுட்டிருக்கிறான். பக்மானில் உங்களைத் துரத்துகிற பேய்கள் கண்டபடி அலைவதில்லை, நீங்கள் ஒரே மாதிரி ஓடினால் அவையும் ஒரே மாதிரி ஓடும். ஆகவே பாதையைப் பாடமாக்கி வைத்துக்கொண்டு ஒரே குத்தியில் மணிக்கணக்காக ஓடினவர்கள் இருந்தார்கள். 256ஆவது கட்டத்தில் எண்ணிக்கை நிரம்பி, திரையின் பாதி குப்பையாகிப்போவதால்தான் அந்த ஆட்டம் அதோடு நின்றது, இல்லாவிட்டால் அவர்களை நிறுத்தியிருக்க முடியாது.

முதலாளி சும்மா இருந்தானா? மெசினுக்குள்ளே சர்க்கிட் அட்டையில் குட்டிக் குட்டி ஆளிகள் வரிசையாக இருக்கும். எத்தனை உயிர், எத்தனை புள்ளிக்கு மேலதிக உயிர், கடினமா சாதாரணமா, எல்லாம் அந்த ஆளிகளில்தான். பக்மானில் ஒரு குத்திக்கு ஒரே ஒரு உயிர் தருகிறதற்கும் வழி இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்காவில் எம்ஐரி பல்கலைக்கழகத்துப் பெடியங்களுடையது. படிக்கிற காலத்தில் அவர்களே வளாகத்தில் மெசின்களை வைத்துக் காசு பார்த்தவர்கள். அற்றாரி கொம்பனியின் மிசைல் கொமாண்ட் மெசினில், ஆட்கள் கெட்டிக்காரர்களாக ஆக ஆக வருமானம் விழத் தொடங்கினது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கேமை இன்னும் கடினமாக்குகிற ஒரு மேலதிக அட்டையைச் செய்து 1981இல் மற்ற மெசின்காரர்களுக்கும் விற்கத் தொடங்கினார்கள். அற்றாரி வழக்குப் போட்டது, பிறகு சமரசமாகி அவர்களையே வேலைக்கும் எடுத்தது. அதே பெடியங்கள் பக்மானுக்குச் செய்துகொண்டிருந்த அப்படியான இன்னொரு அட்டைதான் 1982இல் மிஸ் பக்மான் என்று வெளியே வந்தது. பெரிய வெற்றி பெற்ற ஒரு கேம், விளையாடுகிறவனைச் சீக்கிரம் சாகடிக்கிறதற்காகச் செய்யத் தொடங்கின அட்டையிலிருந்து பிறந்திருக்கிறது. 1985இல் அற்றாரி கேம்ஸின் கோன்ற்லெற் வந்தபோது முதலாளிகள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள், அதில் நீங்கள் அடி வாங்காமல் சும்மா நின்றாலும் உயிர் துளித்துளியாய்க் குறைந்துகொண்டே போகும், வேண்டுமென்றால் இன்னொரு குத்தி போட்டுக் கூட்டலாம். எங்கள் கடையின் அலாம் மணிக்கூட்டை மெசினுக்குள்ளேயே வைத்துவிட்டான்.

இடையில் பெரியவர்கள் குழம்பின கதையும் உண்டு, அது எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் ஜனாதிபதி மார்க்கோஸ் 1981இல் வீடியோ கேமையே தடை செய்தார். அமெரிக்காவில் டெக்சஸின் மெஸ்கிற் நகரத்தில், 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் துணை இல்லாமல் காசுமெசின் விளையாடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அங்கே கடைத்தொகுதியில் சென்ரர் வைத்திருந்த அலடின்ஸ் காசில் என்ற கொம்பனி வழக்காடி, அது 1982இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. எங்கள் ஊர் ரீவி கேம் கடைக்கு அந்த அளவுக்கு யாரும் மெனக்கெடவில்லை. பள்ளிக்கூட நேரத்தில் உள்ளே ஆளைக் கண்டால் வாத்தியார் சைக்கிளை நிறுத்துவார். அந்தச் சத்தமே போதும்.

திறப்புப் போட்ட பெடியன்

அண்ணா போன பிறகும் மருமகள் அந்த மேல்மாடிக்குத்தான் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளுக்கு அந்தப் பொம்மை தூக்குகிற கிளியாஞ்சட்டியில், மன்னிக்கவும், எங்கள் வீட்டில் அந்தக் கொக்கி மெசினுக்கு அப்பா வைத்த பேர் அது, ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சுப் பொம்மையில் கண். ஒவ்வொரு முறையும் கொக்கி இறங்கும், குஞ்சின் தலையைப் பிடிக்கும், கொஞ்சம் தூக்கும், நழுவவிடும். அன்றைக்கும் நழுவினது. அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அங்கே வேலை செய்கிற பெடியன் ஒருத்தன் திறப்போடு வந்தான். மெசின் கதவைத் திறந்து பொம்மையை அது விழுகிற வாசலுக்குக் கிட்டத் தள்ளி வைத்தான். தள்ளி வைத்துவிட்டு உள்ளே ஒரு சின்னத் திரையில் எதையோ பார்த்தான். நான் எட்டிப் பார்த்தேன். அவன் மறைக்கவில்லை.

"இது எப்பிடித் தம்பி, ஒருக்காலும் இறுக்கிப் பிடிக்குதில்லையே?"

"பிடிக்கும் அண்ணை. இத்தனை ஆட்டத்துக்கு ஒருக்கா எண்டு வைச்சிருக்கு. அந்த ஆட்டத்தில வடிவா இறுக்கும். மற்ற நேரம் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சு விட்டிடும்."

"அப்ப இது ஏமாத்துத்தானே?"

அவன் யோசிக்கவே இல்லை. "முந்தின மெசின் எல்லாம் என்ன திறமா அண்ணை? அதுக்குள்ளயும் சுவிச் இருந்ததுதானே."

இந்த ஊரில் ஒருத்தனுக்கு அந்த ஆளிகளைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதைத்துக்கொண்டு போனபோது தெரிந்தது, சண்டை முடிந்த பிறகு திருநெல்வேலிப் பக்கம் ஒரு நெற்கஃபேயில் வேலை பழகினவன், கவுண்டர் ஸ்ரைக் விளையாட வருகிற கம்பஸ் பெடியங்களின் கணினிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகி, பிறகு கண்ட கண்ட பழைய அட்டைகளையெல்லாம் வாங்கித் திருத்துகிற பைத்தியம் பிடித்துவிட்டது. அவன் சொன்னது என்னைக் கொஞ்ச நாளைக்குக் குழப்பியே வைத்திருந்தது. அண்ணாவின் மெசினும் முதலாளியின் கைக்குள் இருந்த மெசின்தான். அப்படியென்றால் லொத்தர் என்ற குற்றச்சாட்டு விழுந்துபோகிறதா?

விழவில்லை என்றுதான் கடைசியில் முடிவுக்கு வந்தேன். ஆளி கேமைக் கடினமாக்கும், ஆனால் கடினத்தை வெல்லலாம். வெடிகளை எண்ணினவனும் பேயின் பாதையைப் பாடமாக்கினவனும் மெசின் எண்ணினதைத் தாங்களும் எண்ணி முதலாளியிடமிருந்து நேரத்தைப் பறித்தவர்கள். கொக்கி மெசினும் எண்ணுகிறது, ஆனால் அந்த எண்ணிக்கையில் என்னுடைய கைக்கு ஒரு பங்கும் இல்லை. அது எண்ணுவது எனக்கு முன்னால் எத்தனை பேர் தோற்றார்கள் என்பதை. எங்கள் அலாம் மணிக்கூடு இந்த இரண்டிலும் சேராது. அது கெட்டிக்காரனுக்குக் கூடுதலாக ஒரு நிமிசமும் தரவில்லை, மொக்கனிடம் ஒரு நிமிசத்தையும் களவெடுக்கவும் இல்லை. அதைவிட நேர்மையான ஒரு கேம் சென்ரரை நான் இதுவரை வாசித்ததும் இல்லை, கண்டதும் இல்லை. அண்ணாவிடம் வாட்சப்பில் இதை நீளமாக எழுதினேன். ஒரு பெருவிரல் அனுப்பினார்.

மருமகளிடமும் கேட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு கேமில் நல்லாய்ப் பழகினால் நெடுநேரம் நிற்கலாம், அப்படி ஒரு மெசின் இருந்தால் நல்லம்தானே என்று. "ஒண்டிலேயே எவ்வளவு நேரம் நிக்கிறது மாமா, அலுக்காதே?" என்றாள். கூடைப்பந்து, சுத்தியல், மோட்டார் சைக்கிள், திரும்பவும் கூடைப்பந்து என்று ஓடுகிறதுதான் அவளுக்கு விளையாட்டு. அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அவளுக்குப் பின்னால் நின்று "குனி, குனி" என்று கத்த அங்கே யாருமில்லை என்பது எனக்குக் குறையாகப் படுகிறது, அவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கலாம். அந்த வாங்கில் ஒரு பெண்பிள்ளை இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மேல்மாடியில் அன்றைக்கு நின்ற பிள்ளைகளில் பாதிக்குமேல் பெண்பிள்ளைகள். இதையும் அண்ணாவுக்கு எழுதியிருக்கவேண்டும்.

அந்தத் தம்பியோடு இப்போது நல்ல பழக்கம். வேலை முடிந்து வீட்டில் அவன் ஒரு பழைய ஃபமிகொம் பெட்டியைத் திருத்தி வைத்திருக்கிறான், வாத்து சுடுகிற துவக்கோடு சேர்த்து. பெட்டி ஓடுகிறது, துவக்குத்தான் சுடுகிறதில்லை. பிழை துவக்கில் இல்லை. அது பழைய குழாய் ரீவியின் திரையில் வெளிச்சம் கோடு கோடாக ஓடுகிற அந்த வேகத்தை நம்பிச் செய்த சாமான், இப்போதைய தட்டை ரீவியில் என்ன செய்தாலும் பிடிக்காது. ஆகவே ஊர் முழுக்கக் குழாய் ரீவி தேடிக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் யாராவது இன்னும் எறியாமல் வைத்திருந்தால் சொல்லுங்கள், 21 இஞ்சி என்றால் நல்லம், 14 என்றாலும் பரவாயில்லை. எங்கள் அயலில் ஒரு வீட்டில் ஒன்று இருக்கிறது, வேலையும் செய்கிறதாம். ஆனால் அதற்கு மேலே அந்த வீட்டு ஆச்சி சாமிப்படமும் விளக்கும் வைத்துக் கும்பிடுகிறா. வேறு ஒரு மேசை வாங்கித் தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தோம். யோசிச்சுச் சொல்லுறன் என்றிருக்கிறா.